வாசல் கோலமும் வெந்நீர்ப் பானையும்: வயதான பெற்றோர் வீட்டுக்கு எந்தக் கருவி உதவும்?

ஜப்பானில் 2001-ஆம் ஆண்டு ஸோஜிருஷி என்ற நிறுவனம் ஒரு மின்சார வெந்நீர்ப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்வைக்குச் சாதாரணப் பானைதான். தனியாக வசிக்கும் பெரியவர் காலையில் தேநீர் போட அதிலிருந்து வெந்நீர் பிடித்தால், அந்தத் தகவல் வேறு ஊரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ போய்விடும். கேமரா கிடையாது. பெரியவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதும் எதுவும் இல்லை. அவர் எப்போதும்போலத் தேநீர் குடிக்கிறார். அம்மா எழுந்துவிட்டார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

இதைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கும்பகோணத்தில் நாங்கள் இருந்த தெரு நினைவுக்கு வந்தது. அங்கே இந்த வேலையைச் செய்தது வாசல் கோலம். தனியாக இருந்த ஒரு பாட்டி ஆறு மணிக்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். ஒரு நாள் ஏழு மணியாகியும் வாசல் காய்ந்து கிடந்தது. எதிர்வீட்டு மாமி உடனே போய்க் கதவைத் தட்டினார். பாட்டிக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை.

இன்று அந்த எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. பல ஊர்களில் இதுதான் நிலைமை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், இந்திய அளவில் 8.6 சதவீதம். அதன்பிறகு இந்த எண் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இன்னும் தொலைவிலோ இருக்கிறார்கள். அதனால் வீட்டில் வைக்க ஏதாவது கருவி கிடைக்குமா என்று தேடுகிறோம். கடையில் நூறு விதமான பொருள்கள் இருக்கின்றன. எதை வாங்குவது?

வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பெரியவரின் ஒரு முழு நாளைக் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் அம்மாவுக்கு 76 வயது. ஒரு விடுமுறையில் இரண்டு நாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு அவர் செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுதினேன். இரவில் இரண்டு முறை பாத்ரூம் போகிறார், சுவிட்ச்சைச் சுவரில் தடவித் தேடுகிறார். பிபி மாத்திரை போட்டோமா இல்லையா என்று பத்து மணிக்குச் சந்தேகம் வருகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறார். வாங்க வேண்டியவை என்ன என்பதை அந்தத் தாளே சொல்லிவிட்டது.

இரவு இரண்டு மணி

கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6.84 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். வயதானவர்களுக்கு இரவு நேரம் குறிப்பாக ஆபத்தானது. சில பிபி மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். சர்க்கரை நோய், ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கம் என்று இரவில் எழுந்து போக வேறு காரணங்களும் உண்டு. தூக்கக் கலக்கம், இருட்டு, ஈரத் தரை மூன்றும் அந்த நேரத்தில் ஒன்றுசேர்கின்றன.

இதற்கு முதல் உதவி ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானாக எரியும் சின்ன விளக்கு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நம் உடம்பின் சூடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக எப்போதும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. விளக்கில் இருக்கும் சென்சார், தன் எதிரே அந்தக் கதிரின் அளவு திடீரென மாறினால் ஆள் நகர்கிறார் என்று எடுத்துக்கொண்டு விளக்கை எரியவிடும். படம் எதையும் எடுப்பதில்லை, இணையமும் வேண்டாம்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். உயரத்தில் வைத்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும். முழங்காலுக்குக் கீழே, மஞ்சள் வெளிச்சம் தருவதாக வையுங்கள். கட்டிலிலிருந்து கால் தரையில் பட்டதும் அதைச் சென்சார் பார்க்க வேண்டும். அடுத்தது பாத்ரூம் வாசலில். சார்ஜ் செய்யும் வகை மட்டும் வாங்கினால் சார்ஜ் போட மறந்துபோகும். பிளக்கில் செருகும் வகை மட்டும் என்றால் கரண்ட் போன இரவில் உதவாது. இரண்டிலும் ஒவ்வொன்று இருக்கட்டும்.

விளக்கு எரிந்த பிறகும் ஒன்று இருக்கிறது. படுத்திருந்து சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது நல்லது. பாத்ரூமில் சுவரில் ஆழமாக போல்ட் அடித்த கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்கள் நிறைய பேர். அந்தக் கம்பி ஆளின் எடையைத் தாங்காது.

மாத்திரை போட்டாச்சா?

மாத்திரைக்குப் போனில் அலாரம் வைக்கிறோம். அலாரம் அடிக்கிறது. அம்மா கையில் மாவோடு வந்து அதை நிறுத்துகிறார். ஐந்து நிமிடம் கழித்துப் போடலாம் என்று நினைத்து மறந்துவிடுகிறார், அல்லது போட்டதை மறந்து இன்னொன்று போடுகிறார். இரண்டாவதுதான் எனக்கு அதிக பயம்.

வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு மூன்று அல்லது நான்கு அறை என்று பிரித்த மாத்திரை டப்பா இதற்கு நல்ல மருந்து. அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று, மாத்திரை இருந்தால் போடவில்லை. அலாரம் நேரத்தைத்தான் சொல்லும். போட்டோமா என்பதை டப்பாதான் சொல்லும். இரண்டும் சேர்ந்து இருப்பது நல்லது. நாம் பதிவு செய்த குரலையே அலாரமாக வைக்கும் வசதி பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. "பாட்டி, மாத்திரை போட்டீங்களா?" என்று பேரன் குரலில் கேட்டால் எந்தப் பாட்டியும் அதை அலட்சியம் செய்யமாட்டார்.

எல்லா மாத்திரையையும் டப்பாவில் போடக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் போன்றவை அதன் சொந்தப் புட்டியிலேயே இருக்க வேண்டும், காற்றுப் பட்டால் வீரியம் குறையும். தைராய்டு மாத்திரையைக் காபிக்கு அரை மணி நேரமாவது முன்பு, வெறும் வயிற்றில் போட வேண்டும். அதனால் அதைப் பல் விளக்கும் பிரஷ் பக்கத்தில் வைப்பதுதான் பொருத்தம். காபிக்கு முன் எப்படியும் அங்கே போயாக வேண்டும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அருமையான உதவி. ஆனால் சிலர் தனியார் டாக்டரிடமும் காட்டி அங்கேயும் மாத்திரை வாங்குவார்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் வீட்டுக்குள் வந்துவிடும். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மூல மருந்தின் பெயரைப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் டாக்டரிடம் இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.

பிபி மெஷின்: எண்ணை நம்புவதற்கு முன்

ஒரு நாள் அம்மா போனில் "168 காட்டுதுடா" என்றார். நான் பயந்துபோய் உடனே கிளம்பத் தயாரானேன். விசாரித்தால், மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கிய கையோடு, பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே பார்த்திருக்கிறார். பத்து நிமிடம் உட்காரச் சொல்லி மறுபடி பார்க்கச் சொன்னேன். 134.

மெஷின் எப்படி அளக்கிறது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். கையில் சுற்றும் பட்டை காற்றடைத்து ரத்தக்குழாயை அழுத்துகிறது. பிறகு காற்று இறங்கும்போது, திரும்ப ஓடத் தொடங்கும் ரத்தத்தின் துடிப்பு பட்டைக்குள் இருக்கும் காற்றில் மெல்லிய அதிர்வாகத் தெரிகிறது. அந்த அதிர்விலிருந்துதான் மெஷின் எண்ணைக் கணக்கிடுகிறது. கையை அசைத்தால் கணக்குக் கலையும். பேசினால் ரத்த அழுத்தமே ஏறும்.

சரி, எப்படிப் பார்ப்பது? மணிக்கட்டில் கட்டும் வகையைவிட மேல்கையில் சுற்றும் வகை நம்பகமானது. பட்டையின் அளவு கைக்குப் பொருந்த வேண்டும்; பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிபி காட்டும். காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் படிய, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில். பட்டை துணிமேல் இல்லாமல் தோலில் படட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

மருத்துவமனையில் 140-க்கு 90 என்பது எல்லை என்றால், வீட்டில் பார்க்கும் சராசரிக்கு 135-க்கு 85 என்பதை எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். டாக்டரைப் பார்த்ததும் பலருக்கு பிபி கொஞ்சம் ஏறும் என்பது ஒரு காரணம். இங்கே சராசரி என்ற சொல் முக்கியம். ஒரு நாள் ஏறியதற்காக மாத்திரையைக் கூட்டுவதோ, ஒரு நாள் நன்றாக இருந்ததற்காக நிறுத்துவதோ கூடாது. ஒரு வாரத்து எண்களைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். ஒரு முறை மெஷினையே மருத்துவமனைக்கு எடுத்துப்போய் அங்கே பார்க்கும் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு எண் முறைக்கு முறை மாறும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 180-க்கு 120-ஐத் தாண்டிக் காட்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சுகர் மெஷினில் பெரிய நுணுக்கம் இல்லை. கையைக் கழுவித் துடைத்த பிறகு பார்க்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், டப்பாவைத் திறந்து போடக் கூடாது. வயதானவர்களுக்குச் சுகர் ஏறுவதைவிடச் சட்டென இறங்குவது உடனடி ஆபத்து. 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வியர்வை, நடுக்கம் எதுவும் இல்லாமல் வெறும் குழப்பமான பேச்சாகவும் சுகர் இறங்கியது தெரியலாம். நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

ரத்தம் எடுக்காமலே சுகர் காட்டும் வாட்ச், மோதிரம் என்று விளம்பரம் வருகிறது. அப்படித் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து வாங்காதீர்கள்.

சமையலறையில் இரண்டு விஷயம்

கேஸ் கசிவைக் கண்டால் கத்தும் சென்சார் வாங்கினால் அதைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். மேலே மாட்டிய சென்சாருக்குத் தாமதமாகத்தான் தெரியும். அது கத்தினால் எந்த சுவிட்ச்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, சிலிண்டரை மூடிவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழைக்க வேண்டும். பாலை வைத்துவிட்டு மறப்பவர்களுக்கு, குறித்த நேரத்தில் தானாக அணையும் இண்டக்ஷன் அடுப்பு நல்லது. இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர்கள் மட்டும் அதிலிருந்து இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். அடுப்பில் அப்படி நின்று சமைக்க முடியாது என்பதால், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

போன்

2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் அவசர அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்பது அரசு விதி. பட்டன் போன் என்றால் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்த வேண்டும். ஸ்மார்ட்போன் என்றால் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை. மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால், செட்டிங்ஸில் அவசர உதவி என்ற பகுதியைப் பார்த்து உங்கள் பெற்றோர் போனில் எது வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதே இடத்தில் ரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, உங்கள் எண் எல்லாவற்றையும் பதிந்து வைக்கலாம். போன் பூட்டியிருந்தாலும் உதவ வருபவரால் அதைப் பார்க்க முடியும்.

எழுதத் தயங்குகிறவர்களுக்கு மைக்கைத் தொட்டுத் தமிழிலேயே பேசக் கற்றுக்கொடுங்கள், ஒரு மாலை போதும். முதியோருக்கான அரசு உதவி எண் 14567. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் கேட்டால் போனை வைத்துவிட்டு, இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்கவும் சொல்லுங்கள். அப்படி வீடியோ காலில் கைது செய்யும் சட்டம் எதுவும் இல்லை.

கேமரா வைக்கலாமா?

கேட்டுவிட்டு வையுங்கள். படுக்கையறையிலும் பாத்ரூமிலும் வேண்டாம். கேட்காமல் ஹாலில் கேமரா மாட்டினால், அம்மா தன் வீட்டிலேயே விருந்தாளிபோல உடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கேட்டபோது என் அம்மா, "வேண்டாம்ப்பா, நான் எழுந்தேனா இல்லையான்னு தெரியணும், அவ்வளவுதானே?" என்றார். அவர் சொன்னது சரி. எனக்கு வேண்டியிருந்த தகவல் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையை அவரே கண்டுபிடித்தார். தினமும் காலையில் குடும்பக் குழுவுக்கு முருகன் படத்தோடு காலை வணக்கம் அனுப்புவது அவர் வழக்கம். ஆறு மணிக்குள் வந்துவிடும். ஏழு மணி வரை வராவிட்டால் நான் கூப்பிடுவேன் என்று பேசிக்கொண்டோம். வைஃபை ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தேன், கரண்ட் போன காலையில் வீணாகப் பதற வேண்டாம் என்று.

விழுந்தால் யார் வருவார்?

கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான் 1970-களிலிருந்தே மேல்நாடுகளில் இருக்கிறது. 2018-இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 4, விழுவதைத் தானாகவே கண்டுபிடித்தது. கை திடீரென வேகமெடுத்து இறங்கி மோதி நின்றால் அதற்குள் இருக்கும் சென்சார்கள் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும்; சுமார் ஒரு நிமிடம் அசைவில்லை என்றால் அவசர எண்ணை அழைக்கும். நல்ல கருவிதான். ஆனால் சுவரில் சரிந்து மெதுவாக உட்கார்ந்துவிடுபவரை அது தவறவிடலாம். குளிக்கும்போது வாட்ச்சைக் கழற்றி வைக்கிறவர்களுக்கு பாத்ரூமில் உதவாது. தண்ணீர் பட்டாலும் பரவாயில்லாத பொத்தானை வாங்கிக் கழுத்திலேயே போட்டிருப்பது மேல்.

எந்தக் கருவி அடித்தாலும் கடைசியில் ஓர் ஆள் வர வேண்டும். நான் சென்னையில் இருக்கிறேன், போய்ச்சேர ஆறு மணி நேரம் ஆகும். அதனால் மூன்று எண்களை வரிசையாக எழுதி வைத்தோம்: பக்கத்து வீட்டு அக்கா, தெருமுனை மருந்துக்கடைத் தம்பி, பிறகு 108. அக்காவிடம் ஒரு சாவியும் கொடுத்தோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். அம்மா உள்ளே உட்கார்ந்துகொண்டு பொத்தானை அழுத்தினார். என் போன் அடித்தது, அக்காவை அழைத்தேன், அவர் இரண்டு நிமிடத்தில் சாவியோடு வந்துவிட்டார். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நாற்பது வருடமாக அம்மா கதவைச் சாத்தியதும் போடுகிற தாழ்ப்பாள் அது. அது இல்லாமல் தூக்கம் வராது என்றார். மறுநாள் ஆசாரி வந்து அதைக் கழற்றிவிட்டு, உள்ளே குமிழைத் திருப்பியும் வெளியே சாவி போட்டும் திறக்கிற பூட்டை அதே உயரத்தில் வைத்துக் கொடுத்தார். பாத்ரூம் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றினார். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தாலும் திறக்கலாம். அம்மா புதுப் பூட்டை நாலைந்து முறை திருப்பிப் பார்த்தார். சத்தம் பழைய தாழ்ப்பாள் மாதிரியே இருக்கிறது என்றார். அடுத்த ஒத்திகையில் அக்கா உள்ளே வர மூன்று நிமிடம் ஆனது.